நீலத் தோரணம்

வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு நாள் சும்மா வரட்டுமா அக்கா? இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும். கிளம்பும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோலக் கேட்டுவிட வேண்டும். சிரித்துக்கொண்டே கேட்டால், அவள் வேண்டாம் என்று சொன்னாலும் அதையும் சிரிப்போடு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஸ்கூட்டியை நிறுத்திக் காலை ஊன்றியபடி, அமலி இதையே மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'சும்மா' என்ற இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் தடுக்கியது. நாற்பதை நெருங்கும் ஒருத்தி இன்னொருத்தியின் வீட்டுக்குச் சும்மா வரட்டுமா என்று அனுமதி கேட்பதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்பதுபோல இருந்தது.

சரக்கு ரயிலிலிருந்து கழற்றிய எஞ்சின் முன்னும் பின்னுமாக ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. "இந்த கேட்ட தொறக்கறதுக்குள்ள தீபாவளியே வந்துரும்போல" என்று பக்கத்து வேன் டிரைவர் யாரிடம் என்றில்லாமல் சொன்னார். அமலி சிரித்தாள். சிரித்த பிறகுதான், அவர் தன்னிடம் சொல்லவில்லை, போனில் யாரிடமோ பேசுகிறார் என்று தெரிந்தது. முகத்தைத் தண்டவாளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

காலையில் அரிசி மில் முதலாளி கோவிந்தராசுவே போன் செய்திருந்தார். "ஏம்மா, நீ மாட்டிட்டுப் போன டப்பா உசுரவுட்டுருச்சு. விஜயதசமியும் அதுவுமா மொத பில்லு போட முடியல. நல்ல நேரம் போயிட்டிருக்கு. பறந்து வா" என்றார். வருகிறேன் என்று சொல்லி வைத்ததும் அவளுக்குள் முதலில் எழுந்தது கவலை இல்லை, சந்தோஷம். ஒரு மில் முழுக்க வேலை நின்று கிடக்கிறது, லாரிகள் காத்து நிற்கின்றன, அவளோ எந்தச் சேலையைக் கட்டலாம் என்று அலமாரி முன்னால் நின்றாள். பிறகு வெட்கப்பட்டு, வழக்கமாக வேலைக்குப் போடும் சுடிதாரையே போட்டுக்கொண்டாள்.

அவள் தொழில் அப்படி. திருவாரூரில் ஒரு நகைக்கடை, மன்னார்குடியில் ஒரு ஸ்கேன் சென்டர், பேராவூரணியில் தேங்காய் மண்டிகள் என்று பல இடங்களில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுத்திருந்தாள். சுவரைத் துளைத்து, குழாய் பதித்து, வயர் இழுத்து, ரௌட்டரை அமைத்து, எல்லாம் ஓடுகிறது என்று காட்டிவிட்டு வந்துவிடுவாள். பிறகு ஏதாவது நின்றால்தான் அவள் நினைவு வரும். நன்றாக வேலை செய்த இடங்களில் அவளுடைய பெயரே மறந்துபோயிருக்கும். 'நெட் போட்ட பொம்பளை' என்று போனில் பதிந்து வைத்திருப்பார்கள்.

கணவன் லியோ குவைத்தில் இருந்தான். ஏசி பழுது பார்க்கும் வேலை. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை; மதியம் கூப்பிடுவான். அவன் அறையில் யாரோ வைத்த குக்கரின் விசில், பக்கத்துக் கட்டில்காரர் கொட்டாவி விடுவது எல்லாம் துல்லியமாகக் கேட்கும். இன்னைக்கு என்ன குழம்பு என்று அவள் கேட்பாள். உனக்கு என்ன குழம்பு என்று அவன் கேட்பான். பதில் சொன்ன பிறகு இருவரும் அடுத்ததை யோசிப்பார்கள். கல்யாணமான புதிதில் லைன் கொரகொரக்கும். பாதிப் பேச்சு வழியிலேயே போய்விடும். போன பாதியில் அவன் என்னவெல்லாம் சொல்லியிருப்பான் என்று அவளே நிரப்பிக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டிவிடுவாள். இப்போது ஒரு சொல்கூடத் தவறுவதில்லை.

கேட் திறந்தது. கொரடாச்சேரி சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் குறுவை அறுத்த வயல்கள். சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். தூரத்திலேயே மில்லின் புகைபோக்கி தெரிந்தது. அதைவிட முன்னால் நெல் அவிக்கிற வாசனை வந்துவிட்டது. அந்த வாசனை வந்ததும் அமலி ஸ்கூட்டியை முடுக்கினாள்.

இந்த மில்லில் வேலை எடுத்தது ஆடி மாதத்தில். ஜிஎஸ்டி வந்ததிலிருந்து கோவிந்தராசுவுக்கு எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும் என்றாகிவிட்டது. எடைமேடை, ஆபீஸ், குடோன், முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடு, எல்லாவற்றையும் ஒரே வலையில் கொண்டுவரச் சொன்னார். முதல் நாள் அவள் ஏணியைச் சாய்த்தபோது வீட்டு வாசலில் ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். கோவிந்தராசுவின் மனைவி கமலவல்லி.

"ஏணியெல்லாம் ஏறுவியா நீ?"

"ஏறுவேங்க. கீழ ஒருத்தர் புடிச்சுக்கிட்டா இன்னும் நல்லா ஏறுவேன்."

கமலவல்லி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வந்து ஏணியைப் பிடித்தாள். அன்றிலிருந்து அந்த வேலை முடியும்வரை பிடித்தாள்.

அப்படி ஒருத்தி பேசி அமலி கேட்டதில்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போன மகன் மணிவண்ணனைப் பற்றி, மில் கொதிகலனுக்கு மாமனார் பெயர் வைத்துத் தொழிலாளிகள் திட்டுவதைப் பற்றி, தன் முழங்கால் வலியைப் பற்றி, எதையும் மிச்சம் வைக்காமல் பேசினாள். கேட்கவும் செய்தாள். லியோ எப்படி இருப்பான், கறுப்பா சிவப்பா, குறட்டை விடுவானா? யாரும் கேட்காததால் அமலிக்கே மறந்துபோயிருந்த விஷயம் அது. விடுவான் என்று யோசித்துச் சொன்னபோது இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

வயர் முனையில் பிளாஸ்டிக் தலையைப் பொருத்தும் வேலையைக் கமலவல்லி ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். உள்ளே இருக்கும் எட்டு மெல்லிய கம்பிகளையும் நிறம் பார்த்து வரிசையாக அடுக்க வேண்டும். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று தொடங்கும் வரிசையைக் கோலப் புள்ளி மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு, சமையலறையில் இருந்தபடியே ஒப்பித்துக் காட்டுவாள். "வெளியேருந்து வர்ற லைன் ஆறு. இந்த ரௌட்டரு மதகு. இந்த ஸ்விட்சு வாய்க்கா பிரியற எடம். சரிதானே?" என்று அவளாகவே சொன்னாள்.

ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. தட்டையான இரும்புப் பெட்டி. முகத்தில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வோர் இடத்துக்கும் போகிற வயரை ஒவ்வோர் ஓட்டையில் சொருக வேண்டும். கோவிந்தராசு, வாங்குவதை வாங்குகிறோம், பெரிதாகவே வாங்கு என்று சொல்லிவிட்டதால் முக்கால்வாசி ஓட்டைகள் காலியாகக் கிடந்தன. "எதுல மாட்டணும்னு எப்படித் தெரியும்?" என்று கமலவல்லி ஒரு தடவை கேட்டாள். "எதுல வேணா மாட்டலாம்க்கா, எல்லாம் ஒண்ணுதான்" என்று அமலி திருகாணியை முடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நேராக இருந்த வயர்களை இன்னும் நேராக்கினாள். ஒட்டிய சீட்டுகளைப் பிய்த்துவிட்டு இன்னும் அழகாக எழுதி ஒட்டினாள். ஒரு கட்டத்தில் கோவிந்தராசுவே, "இன்னும் என்னதாம்மா பாக்கி?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஆவணி போய், புரட்டாசியும் வந்துவிட்டது. ரௌட்டரும் ஸ்விட்சும் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. கூப்பிட ஒரு காரணம் வரவில்லை.

மில் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வாழைக்கன்றும் மாவிலையும் கட்டிய ஆபீஸ் வாசலில், பட்டு வேட்டியோடு கோவிந்தராசு நின்றிருந்தார். நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"வாம்மா, மகராசி. எடைமேடையில எடை போட்டா ஆபீசுக்கு வர மாட்டேங்குது. பிரிண்டர் முழிக்குது. வீட்டுல நெட்டு இல்ல. அணைச்சுப் போட்டுப் பாத்தாச்சு. வருசம் பூரா எப்படி ஓடும்னு காட்டற நாளு இது. இன்னைக்கே இப்படி."

"பாத்துடறேன் சார்."

"அத மட்டும் பாக்காத. யாரு கை வெச்சதுன்னும் பாரு. அதெல்லாம் அதுல பதிவாகுமாமே?" குரலைத் தாழ்த்தினார். "ஆயுத பூசைக்காக முந்தாநாளு ரூமத் தொடச்சாங்க. தர்ஷினி சாவிய மத்தியானமே வீட்டுல குடுத்துட்டேன்னு சாதிக்கிறா. வீட்டுல கேட்டா, சாயங்காலந்தான் குடுத்தா, எல்லாத்தையும் தொடச்சு அலங்காரம் பண்ணிட்டுத்தான் போனான்னு சொல்றா. ரெண்டுல எது நெசம்னு நீ சொல்லு. அந்தப் பொண்ண வெளிய ஒக்காத்தி வெச்சிருக்கேன். தெரிஞ்சதும் அனுப்பிடுவேன்."

எடைமேடைக் கொட்டகையின் நிழலில் தர்ஷினி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மில்லில் பில் போடும் பெண். மல்லிப்பட்டினம் பக்கம் கடற்கரைக் குப்பம். அப்பா அய்யாவு படகிலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு, இவள் அனுப்புவதில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று வேலை நடந்த நாட்களில் யாரோ சொல்லியிருந்தார்கள். அமலியைக் கண்டதும் எழுந்து நின்றாள். தலையில் வைத்திருந்த பூ வாடாமல் இருந்தது. முதல் பில் போடுவதற்காக ஆசையாக வைத்துக்கொண்டு வந்திருப்பாள்.

"நான் ஒண்ணுமே தொடலக்கா. பூசைக்கி ஊருக்குப் போவணும்னு மத்தியான பஸ்ஸப் புடிச்சுட்டேன். சாவிய அம்மா கையிலதான் குடுத்தேன். அம்மா ஏன் இப்படிச் சொல்றாங்கன்னு தெரியல."

"ஒக்காரு. நான் பாத்துட்டு வரேன்."

ஆபீசுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையின் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள் அமலி. போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவரில் பொருத்தியிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்விட்ச் மாலை போட்டுக்கொண்டு இருந்தது. பின்னால் தேவைப்படும் என்று அவள் உறையோடு வைத்துவிட்டுப் போன சின்ன நீல வயர்கள் எல்லாவற்றையும் யாரோ பிரித்து எடுத்து, ஒவ்வொன்றின் இரண்டு முனைகளையும் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளில் சொருகியிருந்தார்கள். வயர்கள் ஒரே அளவில் வளைந்து தொங்கின. கோயில் வாசலில் கட்டுகிற தோரணம் போல, ஒரு வளைவு விடாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை. காலி ஓட்டை ஒன்றுகூட இல்லை. பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். ரௌட்டரின் ஆன்டெனாக்கள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கதம்பம். உமித் தூசு ஒரு பொட்டு இல்லை.

இத்தனைக்கும் நடுவே எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் வெறிபிடித்ததுபோல மின்னிக்கொண்டிருந்தன. மற்ற நாட்களில் ஒன்று மின்னும், ஒன்று சும்மா இருக்கும், பேசுவதும் கேட்பதுமாக. இப்போது எல்லாம் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தன. ஒரு வயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் சொருகப்பட்டால், போன செய்தி வந்த வழியே திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பி, நொடியில் எல்லாப் பாதையும் அடைத்துக்கொள்ளும். ஒரு வயர் போதும். இங்கே தோரணமே கட்டியிருந்தது.

பழுது என்ன என்று தெரிந்த பிறகும் அமலி கையை நீட்டவில்லை. எத்தனையோ இடங்களில் அவள் மாட்டிய பெட்டிகளின் மேல் துணி காயப்போட்டிருக்கிறார்கள், காலண்டரைத் தொங்கவிட்டு மறைத்திருக்கிறார்கள். அவள் செய்த வேலையைக் கழுவித் துடைத்துப் பூ வைத்து, ஒரு குறையும் தெரியக்கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து அலங்கரித்ததில்லை. மாட்டியது யார் என்று அவளுக்கு எதுவும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. வளைவுகளின் அளவிலேயே தெரிந்தது. இதைப் பிடுங்க வேண்டியவளும் தான்தானே என்று நினைத்தபடி நின்றாள்.

பின்னால் கதவு மெல்லத் திறந்து மூடிக்கொண்டது. கமலவல்லி. கையில் பொரிகடலைத் தட்டு. முகம் முழுக்கச் சிரிப்பு.

"எப்படியிருக்கு?" என்று கிசுகிசுத்தாள். "ஒண்ணும் சொல்லாம நிக்கிறியே. பூசையும் அதுவுமா மூளியா ஓட்ட ஓட்டையா தெரிஞ்சுது, பாக்கச் சகிக்கல. நீதான் எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னியே. நீ வந்து பாத்தா அசந்துடுவேன்னு நெனச்சுக்கிட்டே செஞ்சேன். அசந்துட்ட பாரு."

"ரொம்ப அழகா இருக்குக்கா."

"அதான பாத்தேன். இந்தா, பொரி. மொதல்ல வாயில போடு. ரிப்பேரு எங்கயும் ஓடிப்போகாது."

அமலி பொரியை வாங்கி வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "அக்கா, வாய்க்காத் தண்ணி வயலுக்குப் போகாம அதே வாய்க்காலயே திரும்ப வந்து விழுந்தா என்ன ஆகும்?" என்றாள்.

கமலவல்லி சிரித்தபடியே யோசித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தோரணத்தைப் பார்த்தாள். மின்னும் விளக்குகளைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"இதாலயா?"

"இதாலதான்க்கா."

"எல்லாம் ஒண்ணுதான்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். ரெண்டு முனையையும் இதுலயே சொருகுவீங்கன்னு எனக்குத் தோணல. அதையும் சொல்லியிருக்கணும்."

அமலி ஒவ்வொரு வயராகக் கழற்றத் தொடங்கினாள். ஒவ்வொன்று வரும்போதும் 'க்ளிக்' என்ற சின்னச் சத்தம். கடைசி நீல வயர் வந்ததும் விளக்குகள் ஒரு கணம் அடங்கி, பிறகு தனித்தனியாக, நிதானமாக மின்ன ஆரம்பித்தன. ஆபீஸ் அறையில் பிரிண்டர் ஒரு தரம் உறுமித் தாளை இழுப்பது சுவர் வழியாகக் கேட்டது. யாரோ "வந்துருச்சு!" என்று கத்தினார்கள்.

கமலவல்லி கழற்றிய வயர்களை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவருக்குத் தெரிஞ்சா நான் செத்தேன். ஆபீஸ் பக்கம் காலு வெக்காதன்னு சொல்லி வெச்சிருக்காரு. மணிவண்ணன் ஏரோப்ளேன் ஏறுனதுலேருந்து இந்த வீட்டுல எது கெட்டாலும் என் கைதான். நான்தானே நகைய அடகு வெச்சு அவன அனுப்புனேன். மோட்டாரு எரிஞ்சா என் கை. நெல்லுல ஈரம் இருந்தா என் கை. தொட்டா வெளங்காதுன்னு ஆளுங்க முன்னாலயே சொல்லுவாரு. இப்ப நெசமாவே என் கைதான்னு தெரிஞ்சா?"

"சாவி விஷயத்துல ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"காலையில வந்து நின்னு, யாரு உள்ள போனதுன்னு கத்துனாரு. அலங்காரம் யாரு பண்ணதுன்னாரு. வாயில தர்ஷினின்னு வந்துருச்சு. அலங்காரந்தானே, அந்தப் பொண்ணுக்கு நல்ல பேருதானேன்னு நெனச்சேன். இப்படி ஆகும்னு கண்டேனா?"

அது பொய் இல்லை என்று அமலிக்குத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"அமலி, எனக்காக ஒண்ணே ஒண்ணு செய். தொடைக்கறப்ப தர்ஷினி தப்பா மாட்டியிருக்கான்னு அவருகிட்டச் சொல்லிடு. நீ சொன்னா நம்புவாரு. மிஷினு சொல்றாப்புலன்னு நெனைப்பாரு."

"அவள வேலைய வுட்டு அனுப்பிடுவாருக்கா."

"அனுப்புனா என்ன, வயசுப் பொண்ணு, கம்ப்யூட்டர் படிச்சது. ஆயிரம் கட. நான் எங்க போவேன் சொல்லு? இந்த வீட்டுலதானே கெடந்தாவணும்."

"என் தப்புன்னு சொல்லிடறேன். நான்தான் சரியாச் சொல்லிக் குடுக்கலன்னு."

"பைத்தியமா நீ?" கமலவல்லி அவள் கையை இறுக்கினாள். "அப்பறம் உன்ன இந்த கேட்டுக்குள்ள வுடுவாரா? நீயும் வரலன்னா நான் யாருகிட்டப் பேசுவேன்? தர்ஷினி போனா இன்னொருத்தி வருவா. உன்ன மாதிரி எங்க போய்த் தேடுவேன்? இத மட்டும் சொல்லிடு. இனிமே வேல இருந்தாத்தான் வரணுமா என்ன? ஞாயித்துக்கெழம உங்க மாதா கோயில்ல பூசை முடிஞ்சதும் நேரா இங்க வந்துடு. ரெண்டு பேரும் சமைப்போம். தீவாளிக்கி உனக்கும் சேத்துச் சேல எடுக்கறேன். எனக்குக் கூடப்பொறந்தவன்னு யாரு இருக்கா, நீதான்."

அமலிக்கு ஞாயிற்றுக்கிழமை கண் முன்னால் வந்தது. பூசை முடிந்து எல்லோரும் குடும்பம் குடும்பமாகக் கோயில் வாசலில் நின்று பேசுவார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, அவசர வேலை இருப்பவள்போல நடப்பாள். அந்த நடையை யாரும் கவனிப்பதில்லை என்று தெரிந்தும் வாரம்தோறும் அப்படித்தான் நடந்தாள். இனி உண்மையிலேயே போக ஓர் இடம். அடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டு பேர். அவள் வந்திருக்கிறாளா என்று எட்டிப் பார்க்க ஒருத்தி. கேட்கக் கூசி, வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது, கேட்காமலே மடியில் வந்து விழுந்திருந்தது. ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லும் பாதிப் பொய்தான். மீதியைக் கமலவல்லி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

சொல்லிவிட்டால் என்ன? அவள் நேர்மையாகவே தன்னைக் கேட்டுக்கொண்டாள். தர்ஷினி இவளுக்கு யார்? இன்று மாலை மல்லிப்பட்டினத்துக்கு பஸ் ஏறினால் நாளை அவள் முகம்கூட மறந்துபோகும். கமலவல்லியின் கை இதோ, தன் கைக்குள் மெல்லச் சூடேறிக்கொண்டிருக்கிறது. இந்தச் சூட்டை எத்தனை காலமாக அவள் தேடினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ஆனால் தர்ஷினி போனால் இன்னொருத்தி வருவாள் என்று சொன்ன அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். அந்த நாற்காலியில் வரப்போகிற இன்னொருத்தியின் தலையிலும் பூ இருக்கும். அவளுக்குப் பிறகும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது, தன்னால் கமலவல்லியின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியுமா என்று யோசித்தாள். முடியும் என்றுதான் தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

"நீங்களே சொல்லிடுங்கக்கா," என்றாள். "நான் பக்கத்துல நிக்கறேன். ஆசையா அலங்காரம் பண்ணேன், தெரியாம ஆயிடுச்சுன்னு சொல்லுங்க."

"அவரப் பத்தி உனக்குத் தெரியாது."

"தெரியாதுதான்."

ஆபீஸ் பக்கமிருந்து செருப்புச் சத்தம் வந்தது. கமலவல்லி சட்டென்று கையை உருவிக்கொண்டு எழுந்தாள். மடியிலிருந்த வயர்கள் தரையில் சிதறின. அவற்றைக் காலால் மூலைக்குத் தள்ளிவிட்டு, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்போதுதான் பொரி கொடுக்க வந்தவள்போல நின்றாள். இத்தனையும் அவள் செய்த வேகத்தை அமலி பார்த்தாள். எத்தனை வருடப் பழக்கமோ.

கோவிந்தராசு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "எடையெல்லாம் வந்துருச்சும்மா. மொத பில்லு போட ஆளு வேணும். அந்தப் பொண்ணக் கூப்புடறதா, வேண்டாமா? நீ சொல்லு. என்ன கோளாறு?"

"ஒரு வயரோட ரெண்டு முனையும் இதுலயே மாட்டியிருந்துச்சு சார். அதான் சுத்திச் சுத்தி வந்து அடைச்சுக்கிச்சு. கழட்டிட்டேன். இனிமே வராது."

"யாரு மாட்டுனது?"

"அத மிஷினு சொல்லாதுங்க."

"அப்ப நீ சொல்லு. தொடச்சு அலங்காரம் பண்ணவதானே மாட்டியிருக்கணும்? தர்ஷினிதானே?"

அமலி வாய் திறக்குமுன் கமலவல்லி பேசினாள். அவள் கணவரைப் பார்க்கவில்லை, அமலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்கறாருல்ல அமலி. இப்பத்தானே என்கிட்டச் சொன்ன. அதையே அவருகிட்டயும் சொல்லு." குரல் கெஞ்சவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு, பயப்படாம ஏறு, நான் இருக்கேன் என்று சொல்வாளே, அதே குரல்.

வெளியே லாரி ஒன்று எடைமேடையில் ஏறி நின்றது. முருகையன், முருகையன் என்று யாரோ டிரைவரைக் கூப்பிட்டார்கள். அமலி கையில் இருந்த பொரியைப் பார்த்தாள். வியர்வையில் நமுத்துப்போயிருந்தது.

"தர்ஷினி இல்லைங்க சார்," என்றாள்.

"அப்ப யாரு?"

அவள் குனிந்து, மூலையில் கிடந்த வயர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றிப் பைக்குள் வைத்தாள். கமலவல்லியின் புடவைக் கரையும், மருதாணி வைத்த பாத விரல்களும் மட்டும் பார்வைக்குத் தெரிந்தன. அவை நகரவில்லை.

"உன்னத்தாம்மா கேக்கறேன். அவ இல்லன்னா யாரு?"

"அத நான் சொல்ல மாட்டேன் சார்," என்றாள் அமலி. "தர்ஷினியக் கூப்புடுங்க. பில்லு போடட்டும்."